சீலையைப் பந்தென்று நினைத்த ரோபோ

என்னை ஏமாற்றியவள் வேற்றாள் இல்லை, சபையாரே. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் என் பக்கத்துப் பாயில் முழங்காலில் நின்றவள். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் எனக்கு ஆறுதலாக இருக்கும், அதனால்தான்.

கொழும்பில் நடக்கும் ரோபோ உதைபந்தாட்டப் போட்டிக்காக நாங்கள் இருவரும் ஒரு ரோபோ செய்தோம். அதன் கமராவில் தோடம்பழம் போலச் செம்மஞ்சள் நிறப் பந்து எங்கே தெரிகிறது என்று கண்டுபிடிக்கும் புரோகிராமை நான் எழுதினேன். வாவிக்கரையில் பந்தை உருட்டி உருட்டிப் படம் எடுத்து அதைப் பழக்கினேன். சென்ற தவக்காலத்தில் அவள் அந்தப் புரோகிராமை அப்படியே தூக்கிக்கொண்டு வேறொரு அணியில் சேர்ந்து, தன்னுடையதென்று பதிந்துவிட்டாள். இனி அதை நான் ஓட்டினால் நானே கள்ளி.

போனில் கேட்டேன். "உனக்கென்னகா, திருப்பி எழுதுவாய்தானே" என்றாள்.

அந்தக் கோபத்தோடேயே முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, எனக்கு வழி காட்டும். அவளை வெட்கப்படுத்தும்" என்றுதான் ஜெபித்தேன்.

வாவிக்கரைக்குப் போக மனம் வரவில்லை. ஆலய மண்டபத்தில் புதுப் புரோகிராமை முதலிலிருந்து எழுதத் தொடங்கினேன். ஒரு வெள்ளிக்கிழமை, ஜெபம் முடிந்து தாய்மார் பாயில் இருந்தபடி கதைத்துக்கொண்டிருந்தபோது ரோபோவை விட்டுப் பார்த்தேன். அது பந்தை விட்டுவிட்டு நேரே செம்மஞ்சள் சீலை உடுத்திருந்த பாஸ்டரம்மாவின் மடியில் போய் முட்டியது.

"இஞ்ச பாருங்ககா, என்ட சீலைய பந்தெண்டு நினைச்சிட்டுது!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. பிறகுதான் விளங்கியது. வாவிக்கரையில் மணலும் தண்ணீரும்தான், பந்தைத் தவிர அந்த நிறத்தில் ஒன்றுமில்லை. அதே பழக்கத்தில் இங்கேயும் நான் நிறத்தை மட்டுமே பழக்கியிருந்தேன். நாம் நிலத்தில் இருந்தபடி ஜெபிப்பதால் சீலைகள் ரோபோவின் கண்ணுக்கு நேரே வந்தன. அடுத்தடுத்த வெள்ளிகளில் தாய்மார் பெட்டியில் கிடந்த செம்மஞ்சள் சீலைகளையெல்லாம் உடுத்து வந்தார்கள். இது பந்தில்லை, இதுவும் பந்தில்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டிப் பழக்கினேன்.

போட்டியன்று ஆடுகளத்தைச் சுற்றிப் பிள்ளைகள் செம்மஞ்சள் சட்டையோடு நிலத்தில் இருந்தார்கள். அவளுடைய ரோபோ பந்தைத் தாண்டிப் பிள்ளைகளிடம் ஓடியது. என்னுடையது பந்திடம் போனது. காரணம் என்னவென்று நடுவர் அவளைக் கேட்டார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்து என் ரோபோவைத் தூக்கினேன்.

கேட்ட இரண்டையும் ஆண்டவர் தந்தார். அவருக்கு நன்றி. ஆனாலும் மனம் ஆறவில்லை. நெஞ்சு சுத்தமான பிறகு ஜெபிக்கலாம் என்று நீங்கள் காத்திருக்காதீர்கள். உள்ள கோபத்தோடேயே அவரிடம் போங்கள். என் ஜெபத்தை அவர் அப்படித்தான் கேட்டார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் என் பக்கத்தில் அவளுடைய பாயையும் நான்தான் விரிக்கிறேன். கோபத்தோடுதான் விரிக்கிறேன்.