ஒரு மாதிரி வருது, சிஸ்டர்

போன வியாழக்கிழமை நான் ஒரு பொம்மையாக இருந்தேன்.

சிரிக்காதீர்கள். சம்பளம் கிடையாது, ஒரு டீயும் ரெண்டு உளுந்து வடையும் மட்டும் உண்டு. பெயர் செல்லையா. வயது அறுபதுக்குக் கொஞ்சம் கீழே. கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டுகிற வேலை. முந்தின நாள் வயிற்றில் ஆபரேஷன் முடிந்து, கட்டிலில் மல்லாந்து கிடக்கிறேன்.

கதை இதுதான். என் மனைவியின் தங்கை விஜிலா, நாகர்கோவில் பக்கம் ஒரு நர்ஸிங் கல்லூரியில் ஆசிரியை. மாணவ மாணவிகள் பழகுவதற்கு அங்கே ஒரு பொம்மை வாங்கியிருக்கிறார்கள். ஜவுளிக்கடை வாசலில் சேலை கட்டி நிற்குமே, அந்த ஜாதி இல்லை இது. மூச்சு விடும். கண் சிமிட்டும். மணிக்கட்டைத் தொட்டால் நாடி துடிக்கும். பேசவும் செய்யும் - அங்கேதான் சிக்கல். பேசுவது ஆங்கிலம். 'எனக்கு மார்பில் வலி இருக்கிறது, அது இடது கைக்குப் பரவுகிறது' என்று பாடம் ஒப்பிக்கிற மாதிரி இங்கிலீஷில் சொல்லுமாம்.

நம் மாவட்டத்தில் எந்த நோயாளி இப்படிப் பேசியிருக்கிறார்? மாரடைப்போடு வருகிறவரே 'ஒண்ணுமில்ல, வாயு பிடிச்சிருக்கு' என்பார். கூட வந்தவர் 'நேத்து சக்கப்பழம் தின்னாரு' என்று சாட்சி வேறு சொல்வார்.

ஆகவே ஒரு உள்ளூர்க் குரல் தேவைப்பட்டது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கில் பேசினால், அது பொம்மையின் வாய் வழியாக வரும். உள்ளே பொம்மையோடு இருக்கிற மாணவர் கண்ணுக்கு நான் தெரிய மாட்டேன். என் கண்ணுக்கு அவர் தெரிவார்.

"அத்தான், நீங்கதான் இதுக்குப் பொருத்தம்," என்றாள் விஜிலா போனில். "பித்தப்பைக் கல்லுக்கு அட்மிட் ஆயிருந்தப்போ நீங்க முனகுனத இன்னும் அந்த ஆஸ்பத்திரில பேசிக்கிடுகாவ."

இத்தனை வருஷம் எழுதியதற்குக் கிடைக்காத அங்கீகாரம், முனகியதற்குக் கிடைத்தது. ஒப்புக்கொண்டேன்.

பொம்மை வருவதற்கு முன்னால் விஜிலா வேறொரு வழியில் முயன்று பார்த்திருக்கிறாள். வார்டில் நடந்த ஒரு சம்பவத்தைப் பற்றி ஒவ்வொருவரும் யோசித்து எழுத வேண்டும் - என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தேன், இதிலிருந்து என்ன கற்றேன் என்று. நர்ஸிங் படிப்பில் இதற்கு இப்போது நல்ல மரியாதை உண்டாம். எல்லாரும் எழுதித் தந்தார்கள். அப்பழுக்கில்லாத ஆங்கிலம். எல்லாமே 'நோயாளியை ஒரு முழு மனிதராகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்' என்று முடிந்தன. யார் எழுதியது என்று உங்களுக்கே தெரியும்… செல்போன்.

"ஒரே ராத்திரில எல்லாருக்கும் ஒரே ஞானம் வந்திருக்கு அத்தான்," என்றாள். கோபம் இல்லை, சலிப்புதான். அதில் ரொம்ப அழகாக எழுதப்பட்டிருந்தது ஷாமிலா என்ற பெண்ணுடையது. அதைத் தந்த மறுநாள்தான் அவள் படிப்பை நிறுத்தப் போவதாகச் சொன்னாள்.

ஷாமிலாவுக்கு ஊர் குளச்சல். கடைசி வருஷம். அவளுடைய வாப்பா மீன் ஏலம் விடுகிறவர். குடும்பத்தில் யாரும் ஆஸ்பத்திரிப் பக்கம் வேலைக்குப் போனதில்லை, இவள்தான் முதல். ஒரு மாதத்துக்கு முன் சர்ஜரி வார்டில் அவள் பார்த்துக்கொண்டிருந்த நோயாளி - பூதப்பாண்டிக்காரர், வயிற்றில் ஆபரேஷன் ஆனவர் - அவளிடம் 'ஒரு மாதிரி வருது சிஸ்டர்' என்று சொல்லியிருக்கிறார். இவள் மானிட்டரைப் பார்த்தாள். எல்லா நம்பரும் சரி. 'ஒண்ணுமில்ல அண்ணாச்சி, கண்ண மூடிப் படுங்க' என்று சொல்லிவிட்டு, நம்பர்களை டேப்லெட்டில் ஏற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு உடம்பு எப்படியாவது சமாளித்துக்கொள்ளுமாம். அதுவரை மெஷினும் 'எல்லாம் நலம்' என்றே காட்டும். அந்த வழியாகப் போன ஒரு சீனியர் நர்ஸ் அவர் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு டாக்டரைக் கூப்பிட, மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றிவிட்டார்கள். மனிதர் இப்போது வீட்டில் நன்றாக இருக்கிறார்.

ஷாமிலாவை யாரும் திட்டவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு வார்டுக்கே போகவில்லை. விஜிலா கெஞ்சிக் கேட்டது ஒன்றே ஒன்று: பொம்மையிடம் ஒரு தடவை வா, அப்புறம் உன் இஷ்டம்.

இதை எல்லாம் அன்று காலை டீ குடிக்கும்போதுதான் என்னிடம் சொன்னாள். எனக்கு வடை இறங்கவில்லை. ஏனென்றால் என் கையில் தந்திருந்த செல்லையாவின் கதையும் அதேதான் - உள்ளே ரத்தக் கசிவு, நம்பர்கள் சரி, ஆளுக்கு மட்டும் ஒரு மாதிரி.

"பாவம் இல்லியா விஜி? வேற ஏதாவது நோய் வச்சுக் குடுக்கலாமே?"

"அந்த நிமிஷம் அவளுக்குள்ள அப்பிடியே நின்னுபோய்க் கிடக்கு அத்தான். அதைத்தான் ஓட விடணும்."

காலையில் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். நல்ல பிள்ளைகள். ஒரு பையன் பொம்மைக்கு ஊசி போட்டுவிட்டு 'ஸாரி மாமா' என்றான். ஒரு பெண் போர்வையை இழுத்து என் ரப்பர் காலை அவ்வளவு பதமாக மூடினாள். ஆனால் 'ஒரு மாதிரி வருது' என்று நான் சொன்னதும் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள் - தலையைத் தூக்கி மானிட்டரைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, 'எல்லாம் நார்மலா இருக்கு, பயப்படாதீங்க' என்றார்கள். பேசியது நான், பதில் கிடைத்தது மானிட்டருக்கு. சும்மா நடிக்க வந்தவன்தானே நான்? இருந்தும் மூன்றாவது ஆளும் அப்படிச் சொன்னபோது மனசுக்குள் சுருக்கென்றது. ஒருவரையும் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அப்படித்தான் பழகியிருக்கிறது.

நமக்கு மட்டும் என்ன? என் நண்பர் ஒருவர் ரோட்டில் நெல் காயப்போட்டுவிட்டுப் போனில் 'மழைக்கு வாய்ப்பில்லை' என்பதை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் சட்டை நனைந்துகொண்டிருந்தது. பேங்கில், ஸ்கூலில், பத்திரிகை ஆபீஸில் - எங்கே போனாலும் எதிரே நிற்கிற ஆளைவிடத் திரையில் இருக்கிற ஆளைத்தான் நம்புகிறோம். மெஷினைத் திட்ட நான் வரவில்லை. என் பித்தப்பையை எடுத்ததே வயிற்றுக்குள் கேமராவை விட்டுத்தான். மெஷின் தன் வேலையைச் செய்கிறது. அது சொல்லி முடித்ததும் நம் வேலையும் முடிந்தது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

மத்தியானத்துக்கு மேல் ஷாமிலா வந்தாள்.

ஒல்லியான பெண். வெள்ளைக் கோட்டு, தலையைச் சுற்றிக் கறுப்பு மக்கனா. கதவுக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்து கையைக் கழுவினாள், பெயர் கேட்டாள், வயிற்றில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். எல்லாம் முறைப்படி. ஆனால் முகத்தில் உயிர் இல்லை. விஜிலா என் தோளைத் தொட்டாள். இப்போது சொல்ல வேண்டும். மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டேன்.

"சிஸ்டரே… ஒரு மாதிரி வருது."

அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

தலையைத் தூக்கினாள். மானிட்டரைப் பார்த்தாள். நம்பர்கள் சரி. பார்த்துக்கொண்டே இருந்தாள்… எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கதவைத் திறந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். விஜிலாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

போகவில்லை. மானிட்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கட்டிலில் கையை ஊன்றி, பொம்மையின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"என்ன மாதிரி வருது அண்ணாச்சி?"

வாசகர்களே, என் ஸ்கிரிப்டில் இதற்குப் பதில் இல்லை! காலையிலிருந்து யாருமே கேட்காத கேள்வி. விஜிலாவைப் பார்த்தேன். அவளும் கையை விரித்தாள். ஆபரேஷன் முடிந்து நான் கிடந்த கிடப்பை நினைத்துக்கொண்டு, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"சொல்லத் தெரியல மக்கா. ஒரே வெப்ராளமா இருக்கு. படுக்கவும் முடியல, இருக்கவும் முடியல. நாக்கு வரளுது. பயமா இருக்கு."

"நான் எங்கயும் போகல. இங்கதான் நிக்கேன்," என்றாள். ஒரு கையால் பொம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனை எடுத்தாள். டியூட்டி டாக்டர் வேஷம் விஜிலாவுக்கு. எரிந்து விழ வேண்டும் என்பது ஏற்பாடு, நன்றாகவே விழுந்தாள். பிபி நார்மல் என்றால் என்னை எதற்குக் கூப்பிட்டாய், எனக்கு வேறு வேலை இல்லையா என்று.

"நம்பரெல்லாம் சரியாத்தான் இருக்கு டாக்டர். ஆளு சரியில்ல. நீங்க வந்து பாக்கணும்."

அரை மணி நேரம் கழித்து வருகிறேன் என்றாள் விஜிலா.

"இல்ல டாக்டர். இப்பமே வரணும்."

போனை வைக்கவில்லை. விஜிலா மைக்கை மூடிக்கொண்டு கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. எனக்கும் அப்போது யாரும் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் தேவலை என்றுதான் இருந்தது.

இத்தோடு நின்றிருந்தால் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். உண்மையான வகுப்பு அதற்கு அப்புறம்தான் இருந்தது.

நான் உட்பட எல்லாரும் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார வேண்டும். நடந்ததை வீடியோவில் பார்த்துப் பேச வேண்டும். ஒரே ஒரு விதி: யாரும் யாரையும் 'ஏன்' என்று கேட்கக் கூடாது. 'அப்போ மனசுல என்ன ஓடிச்சு' என்று மட்டும்தான் கேட்கலாம். எனக்கு முதலில் இது விளையாட்டாகத் தோன்றியது. பிறகு யோசித்துப் பார்த்தேன். ஏன் லேட்? ஏன் மார்க் குறைஞ்சுது? ஏன் போன் எடுக்கல? நம் வீட்டிலும் ஆபீஸிலும் 'ஏன்' என்பது விசாரணை. கேட்டதும் மனசுக்குள் ஒரு வக்கீல் எழுந்து நின்றுவிடுவார். அவர் பேச ஆரம்பித்தால் நாம் யோசிப்பது எங்கே?

வீடியோ ஓடி முடிந்ததும் மற்ற பிள்ளைகள் ஷாமிலாவைப் பாராட்டினார்கள். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்… வேண்டாம், வேண்டாம் என்கிற மாதிரி. பிறகு சொன்னாள், "பொம்மைகிட்ட கேட்டேன். அந்த அண்ணாச்சிகிட்ட கேக்கலியே."

ஆறுதலாக ஏதாவது சொல்ல நான் வாயைத் திறந்தேன். விஜிலா கண்ணால் தடுத்துவிட்டாள்.

"அன்னைக்கு அவரு சொன்னப்போ, உன் மனசுல என்ன ஓடிச்சு?"

மக்கனா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள் அந்தப் பெண்.

"நம்பரப் பாத்ததும் அப்பாடான்னு இருந்துச்சு மேடம். என்ன மாதிரி வருதுன்னு கேட்டா அவரு சொல்லிருவாரு. சொல்லிட்டாருன்னா நான் ஏதாவது செய்யணும். எனக்கு என்ன செய்யணும்னு தெரியாது. அதான்… நான் கேக்கல."

சொல்லிவிட்டு அழுதாள். மக்கனா நுனியால் முகத்தைத் துடைத்துத் துடைத்து அழுதாள். ஒரு மாதமாக இந்த நாலைந்து வாக்கியத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள் பாருங்கள்… செல்போன் எழுதித் தந்த அந்த அழகான கட்டுரையில் இது கிடையாது. எப்படி இருக்கும்? அதற்கு முடிவுரை தெரியும். அவள் பயந்தது தெரியாது.

போர்வையால் என் காலை மூடிய பெண் மெதுவாக, "எனக்கும் அதேதான்," என்றாள். 'ஸாரி மாமா' பையனும் தலையாட்டினான். தெரியாததை யாரிடம் போய்க் கேட்பது, இரவு டியூட்டியில் டாக்டரை எழுப்பப் பயந்தால் என்ன செய்வது என்று பேச்சு வளர்ந்தது. காலையில் பாடம் ஒப்பித்த பிள்ளைகளா இவர்கள் என்று இருந்தது எனக்கு. டாக்டர், வாத்தியார், என்ஜினியர், பத்திரிகைக்காரன்… தெரியாது என்று சொல்லப் பயந்து கேள்வியையே விழுங்காதவர் நம்மில் யார்? ஆனால் சேர்ந்து உட்கார்ந்து அதைச் சொல்ல எந்த ஆபீஸில் நாற்காலி போடுகிறார்கள்?

கடைசியில் விஜிலா என் பக்கம் திரும்பினாள். நோயாளி என்ன சொல்கிறார்?

"அவ கேட்டதும் எனக்குப் பாதி பயம் போயிட்டு," என்றேன். உண்மையும் அதுதான்.

எல்லாரும் எழுந்து போனார்கள். ஷாமிலா மட்டும் நாற்காலிகளை ஒவ்வொன்றாகச் சுவரோரம் நகர்த்திக்கொண்டிருந்தாள். விஜிலா எதுவும் கேட்கவில்லை. எனக்கோ, படிப்பைத் தொடரப் போகிறாயா என்று கேட்டுவிட நாக்கு துடித்தது. கடைசி நாற்காலியைப் போட்டுவிட்டு அவளே திரும்பினாள்.

"மேடம், திங்கக்கிழமை எனக்கு எந்த வார்டு?"

"சர்ஜரி வார்டுதான்."

அதே வார்டு. "சரி மேடம்," என்று பையை எடுத்துக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை பொறுக்க முடியாமல் விஜிலாவுக்குப் போன் போட்டேன். திங்கட்கிழமை நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாளாம். ஆனால் அன்றைக்கே ஒரு நோயாளி அவளைப் பற்றிப் புகார் சொல்லியிருக்கிறார் - சும்மா 'ஒரு மாதிரி இருக்கு'ன்னு வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அந்தப் பிள்ளை கட்டிலை விட்டு நகராமல் கேள்வி கேட்டே கொல்லுகிறது என்று.

அந்தப் புகாரின் மேல் கல்லூரி எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை.