மேற்கு ஓரத்தில் அரை அடி

எஸ்தரின் கணவர் தொலைபேசியில் அழைத்தபோது, அவள் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்த மனைகளின் மேல் நான் என் சாலையை ஒட்டிக்கொண்டிருந்தேன். "எஸ்தர் போயிட்டாம்மா" என்றார். பித்தப்பையில் கல், சின்ன ஆபரேஷன், அடுத்த வாரம் வந்துவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். கேட்டதும் எழுந்துவிட்டேன். ஆனால் எழுவதற்கு முன் கை தானாகப் போய் கம்ப்யூட்டரில் வேலையைச் சேமித்தது. அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

காளவாசல் அலுவலகத்தில் எங்களோடு இருந்தவர்களுக்கு எங்கள் சண்டை தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காட்டு நிலம் குடியிருப்பாக மாறுவதற்கு முன், மண்ணை எங்கே வெட்டுவது, எங்கே கொட்டுவது, எந்த மட்டத்தில் நிறுத்துவது என்பதை நாங்கள் கம்ப்யூட்டரில் வரைந்து பார்ப்போம். சாலை என் பங்கு. மனைகளும் மழைநீர்க் குட்டையும் எஸ்தர் பங்கு. தனித்தனியாகச் செய்த இந்தத் தளங்களைக் கடைசியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி ஒரே நிலமாக ஆக்க வேண்டும். இரண்டு தளங்கள் ஒரே இடத்துக்குப் போட்டி போட்டால், கடைசியாக ஒட்டியது நிற்கும், அடியில் இருப்பது மறைந்துவிடும். ஒட்டுகிற வேலை என்னிடம் இருந்தது. நான் எப்போதும் என் சாலையைத்தான் கடைசியாக ஒட்டினேன்.

அதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. சாலை போய்ச் சேர வேண்டிய பெரிய ரோட்டின் மட்டத்தை நாம் மாற்ற முடியாது. ஆனால் அந்த நியாயம் செல்லாத இடங்களிலும் நான் அப்படியே செய்தேன். சாலையும் மனையும் சேரும் ஓரத்தில் மட்டம் இடித்தால் எஸ்தர்தான் தன் மனைகளைத் திருத்துவாள். சும்மா ஒன்றும் திருத்தமாட்டாள். பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி என்னைத் திட்டிவிட்டு, "இந்தா, எறக்கித் தொலைக்கிறேன்" என்று மவுஸைப் பிடிப்பாள். மாலைக்குள் எல்லாம் சரியாகியிருக்கும்.

அவளை, விட்டுக்கொடுத்தே பழகிய அப்பாவி என்று யாரும் எண்ண வேண்டாம். பஸ்ஸில் ஜன்னலோரத்தை ஒருநாளும் எனக்குத் தந்ததில்லை. என் டப்பாவில் இருக்கும் முறுக்கைக் கேட்காமலே எடுப்பாள். கோப்புகளுக்கு 'புதுசு', 'ரொம்பப் புதுசு', 'இதான் கடைசி', 'சத்தியமா இதான் கடைசி' என்று பெயர் வைப்பாள். ஒருமுறை முதலாளியே கடிந்துகொண்டபோது, "பேர்ல என்ன சார் இருக்கு, உள்ள மண்ணு சரியா இருக்கா பாருங்க" என்று அவரையும் மடக்கினாள். மட்டத்தில் மட்டும்தான் இறங்கி வந்தாள். வீட்டுச் சண்டையைவிட அலுவலகச் சண்டை அலுப்பு என்று சிரிப்பாள்.

கடைசியாக நாங்கள் சேர்ந்து செய்தது உசிலம்பட்டிப் பக்கத்து மனைப்பிரிவு. இடம் பார்த்துவிட்டு டவுன் பஸ்ஸில் திரும்பினோம். வழக்கம்போல ஜன்னலோரம் அவளுக்கு.

"செல்வி, மேற்கு ஓரத்துல ஒன் ரோடு மனைய விட ஒசரமா நிக்கிது. பெரிய மழை பேஞ்சா ரோட்டுத் தண்ணி அம்புட்டும் அந்த வீடுகளுக்குள்ளதான் போகும்."

"நீ மனைய ஏத்திக்க."

"ஏத்துறதுக்கு மண்ணு எங்க இருக்கு? குட்டைல வெட்டுன மண்ணு பூராவும் தீந்துபோச்சு. இந்த ஒரு தடவ நீ அரை அடி எறக்கேன்."

அரை அடி இறக்கினால் அந்த முனையில் உள்ள சிறுபாலத்தையும் நான் முதலிலிருந்து போட வேண்டும். சோம்பல் என்று சொல்வது பாதி உண்மை. அவள் சொல்லி என் சாலை இறங்குவதா என்ற வீம்பு மீதி.

"ஆபரேஷன முடிச்சிட்டு வா, பாப்போம்" என்றேன்.

"பாப்போம்னா மாட்டேன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதாக்கும்" என்று சிரித்தாள். இறங்கும்போது, "வாரேன் செல்வி" என்றாள்.

அந்த மேற்கு ஓரத்தின் மேல்தான், ஒரு விரல்கூட இறக்காமல், அவள் கணவர் அழைத்த அன்றைக்கு என் சாலையை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் கலைந்த பிறகு அவள் கணவர் என்னிடம் வந்தார். பள்ளிக்கூட ஆசிரியர், அதிகம் பேசாதவர்.

"ஏம்மா, ஏதோ ரோட்ட எறக்கணும்னு சொன்னாளே, எறக்கிட்டீகளா?"

"உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?" என்றேன்.

"ஆஸ்பத்திரில எங்கிட்ட பந்தயம் கட்டுனா. நான் திரும்பி வாரதுக்குள்ள செல்வி எறக்கிருப்பான்னு. மாட்டாகன்னு நான் சொன்னேன். தோத்தவுக ஒரு மாசம் சட்டி பானை கழுவணும்னு பேச்சு."

"இன்னும் இல்லண்ணே" என்றேன்.

"அப்ப நான் ஜெயிச்சிட்டேன்" என்றார். சிரிக்கத்தான் முயன்றார். முடியவில்லை.

என்னை நன்றாகத் தெரிந்தவள், மாட்டேன் என்றுதான் சொல்வேன் என்று முகத்துக்கு நேரே சொன்னவள், முதுகுக்குப் பின்னால் என் பக்கம் பந்தயம் கட்டியிருக்கிறாள். பொதுவாக மனிதர்கள் இதைத் தலைகீழாகத்தான் செய்வார்கள்.

மறுநாள் என் சாலையைப் பிரித்தேன். முதலாளி ஒப்படைக்க வேண்டிய தேதியைக் காட்டினார், நிலத்துக்காரர் சத்தம் போட்டார். மேற்கு முனையை அரை அடி இறக்கி, சிறுபாலத்தைப் புதிதாகப் போட்டு, அங்கே எஸ்தரின் மனைகளைக் கடைசியாக ஒட்டினேன். வேலை முடிந்ததும் அவள் கணவரை அழைத்தேன்.

"அண்ணே, எறக்கிட்டேன். அவ திரும்பி வாரதுக்குள்ளன்னுதான பேச்சு? அவ இன்னும் வரலயே. எஸ்தர்தான் ஜெயிச்சா."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"சட்டி பானைதான் கழுவிக்கிட்டு இருக்கேன்மா" என்றார்.

அவள் இருந்திருந்தால் நான் இறக்கியிருப்பேனா? மாட்டேன். அவளே அலுத்துப்போய் ஏதாவது வழி செய்திருப்பாள், நானும் விட்டிருப்பேன். அங்கே கட்டப்போகும் வீடுகளுக்குள் இனி மழைத்தண்ணீர் புகாது. என் குற்றம் அதனால் தீர்ந்துவிட்டதாக நான் எண்ணவில்லை. அவளுடையதாக என்னிடம் இருப்பது ஒரு வசவு மட்டும்தான். இப்போதெல்லாம் ஓரத்தில் மட்டம் இடித்தால், பக்கத்து நாற்காலியைப் பார்க்காமல், நானே சத்தமாகச் சொல்லிக்கொள்கிறேன்: "இந்தா, எறக்கித் தொலைக்கிறேன்."