ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்ட பூச்சியம்

முன்னறையில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. தொடர்ந்து, தாய் றோசம்மா யாரையோ இருக்கச் சொல்லும் குரல். உள்ளே சுவரைப் பார்த்துக் கிடந்த பிரான்சிஸ்கா எழும்பி இருந்தாள். வந்திருப்பது நசீறா என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்த வரவுக்குப் பயந்துதான் நாற்பது நாளாக அவள் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

தகப்பன் அந்தோனிமுத்து வலை இழுத்துப் படிப்பித்த பிள்ளை அவள். யாழ்ப்பாணத்தில் கணினி படித்துவிட்டு, கொழும்புக்குப் போகாமல், பேசாலை றோட்டில் இருந்த கடல்விளக்கு மீனவர் சங்கக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தாள். கடல் குழம்பப் போகிறதென்றால் அங்கே ஒருவர் ஒவ்வொரு வள்ளக்காரருக்கும் போன் எடுத்துச் சொல்லவேண்டும். பாதிப் பேருக்குச் சொல்லி முடியுமுன் மற்றப் பாதிப் பேர் வலையை ஏற்றிவிடுவார்கள். அதனால் சங்கம், குறித்த வேலையைக் குறித்த நேரத்தில் தானாகச் செய்யும் மென்பொருள் ஒன்றை வாங்கியது. காலநிலை கெட்டால், பின்னேரம் மூன்று மணிக்கு அது எல்லோருடைய போனுக்கும் எச்சரிக்கை அனுப்பும்.

ஆனால் எதை, யாருக்கு, எந்த நாளில் என்பதை அது ஒரு தரவுத்தளத்தைப் பார்த்துத்தான் அறியும். அதை வெறும் காணியில் வீடு கட்டுவதுபோலக் கட்டியவள் பிரான்சிஸ்கா. வள்ளங்களுக்கு ஓர் அட்டவணை, அனுப்பியதைப் பதிய ஓர் அட்டவணை, நாட்களுக்கு ஓர் அட்டவணை. தொழில் நடக்கும் நாளுக்கு ஒன்று, நடக்காத நாளுக்குப் பூச்சியம். ஞாயிறுக்கு அவள் பூச்சியம் போட்டாள். யோசித்துப் போடவில்லை; கை தானாகப் போட்டது. பூசை நாளில் கடலுக்கு இறங்கிய வள்ளத்தை அவள் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. சங்கத் தலைவர் சிங்கராசா அதைப் பார்த்துவிட்டு, பிள்ளை கம்பியூட்டருக்கும் ஞானஸ்நானம் குடுத்திட்டுது என்றார். கந்தோரே சிரித்தது.

அடுத்த வருஷம் அயலூர் முஸ்லிம்களின் முப்பத்தாறு வள்ளங்கள் சங்கத்தில் சேர்ந்தன. ஒவ்வொரு போன் இலக்கத்தையும் இரண்டு தரம் சரிபார்த்துப் பதிந்தாள். நாள் அட்டவணையை மட்டும் அவள் திறக்கவேயில்லை. அவர்கள் கரையில் நிற்பது வெள்ளிக்கிழமை. ஞாயிறு அவர்களுக்குத் தொழில் நாள்.

ஐந்து மாதம் கடல் பொறுத்தது. ஆறாம் மாதம் ஒரு ஞாயிறு பொறுக்கவில்லை. மற்ற வள்ளங்கள் அரைவழியில் திரும்பிவிட்டன. நசீறாவின் புருஷன் சனூனின் வள்ளம் திரும்பவில்லை.

திங்கள் காலை பதிவைத் திறந்தாள். அந்த ஞாயிறுக்கு ஒரு வரியும் இல்லை; பூச்சியம் போட்ட நாளில் மென்பொருள் ஒருவருக்கும் எச்சரிக்கை அனுப்பியிருக்கவில்லை. அழுதுகொண்டு சிங்கராசாவிடம் ஓடினாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, இது வெளியில் போனால் சங்கம் உடையும், உன்ர வேலையும் போகும், செய்தி போனதாக ஒரு வரியைச் சேர்த்துவிடு என்றார். சேர்த்தாள். வழமைபோல் மூன்று மணிக்குச் செய்தி அனுப்பப்பட்டது, சிக்னல் பழுதால் சில போன்களுக்கு மட்டும் போய்ச் சேர்ந்தது என்று சனூன் வீட்டுக்குப் போன கடிதத்திலும் அவள் கையெழுத்துத்தான். அன்றைக்குப் பிறகு அவள் கந்தோர்ப் படி ஏறவில்லை.

முன்னறைக்கு வந்தபோது நசீறா அந்தக் கடிதத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள். மையத்துக் கிடைக்கவில்லை; உடலைக் காணாமல், புருஷனை இழந்தவள் வீட்டுக்குள் இருக்கும் இத்தாவையும் அவளால் இருக்க முடியவில்லை. மனைவியும் இல்லாமல் விதவையும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தாள்.

"சண்டைக்கு வரேல்லை, தங்கச்சி," என்றாள். "மூண்டு மணிக்குத்தானே அனுப்பினது? அண்டைக்குப் புள்ளைக்குக் காய்ச்சல். அவர்ர போன் என்ர கையிலதான் இருந்தது. புள்ள எழும்பிடுவானெண்டு சத்தத்தை நிப்பாட்டிப்போட்டன். அவர் அவசரத்தில அப்பிடியே வாங்கிக்கொண்டு போனவர். மாமி என்னோட கதைக்கிறதில்லை. அந்தச் செய்தியில என்ன எழுதியிருந்ததெண்டு மட்டும் சொல்லுங்கோ. நான் எதை மறைச்சனான் எண்டு எனக்குத் தெரியவேணும்."

றோசம்மா மகளைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் என்றாள். பிரான்சிஸ்கா தாயைப் பார்க்காமல், கதிரை இருக்கத் தரையில் இருந்தாள்.

"ராத்தா, செய்தி போகேல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருத்தரும் கடலுக்குப் போறேல்லை எண்டு எழுதி வச்சது நான். உங்களை நான் நினைக்கேல்லை. கடிதம் பொய்."

நசீறா அழவில்லை. அழுதிருந்தால் இவளும் சேர்ந்து அழுது கொஞ்சம் ஆறியிருப்பாள். இதை எழுதித் தருவியா என்று மட்டும் கேட்டாள். கடிதத்தின் பின்பக்கத்தில் பிரான்சிஸ்கா எல்லாவற்றையும் எழுதி, பெயர் போட்டு, திகதியும் போட்டுக் கொடுத்தாள். நாளைக்கே சிங்கராசா வாசலில் வந்து நிற்பார் என்று தெரிந்துதான் கொடுத்தாள்.

நசீறா அதை நாலாக மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினாள்.

"முன்னயெல்லாம் இறங்க முதல் வானத்தை நிண்டு பாப்பார்," என்றாள். "உங்கட செய்தி வரத் தொடங்கினதில இருந்து பாக்கிறேல்லை. வராட்டில் கடல் நல்லமாம் எண்டு போவார்."

அவ்வளவுதான். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெயிலுக்குள் இறங்கினாள். படலை தாண்டும்வரை பார்த்து நின்ற றோசம்மா கதவைச் சாத்தினாள்.