துவைக்கக் கூடாத உடுப்பு: பெருந்துறையிலிருந்து கோவைக்கு ஒரு தோல் சோதனைப் பயணம்

இந்தத் தளத்தைப் படிப்பவர்களில் பாதிப் பேர் வால்பாறைக்கு எந்த மாதம் போகலாம் என்று கேட்பவர்கள். மீதிப் பேர் காரமடைத் தேருக்கு வந்தால் காரை எங்கே நிறுத்துவது என்று கேட்பவர்கள். இந்தப் பதிவில் அருவியும் இல்லை, தேரும் இல்லை. போன மே மாதம் என் அண்ணனின் தோல் சோதனைக்காகப் பெருந்துறைக்கும் கோயமுத்தூருக்கும் நடுவே மூன்று தடவை போய்வந்த கதை இது. இதே சோதனைக்குக் கிளம்புகிறவர்கள் யாராவது தேடும்போது கண்ணில் படட்டும் என்று எழுதுகிறேன். எழுதாமல் மனசு ஆறவில்லை என்பதும் உண்மை.

அண்ணன் பழனிச்சாமிக்கு நாற்பத்தாறு வயது. பெருந்துறைத் தொழிற்பேட்டையில் மருத்துவப் பஞ்சு, கட்டுத்துணி எல்லாம் கிருமி நீக்குகிற ஒரு கம்பெனியில் ஒன்பது வருடமாக இருக்கிறார். பெட்டி பெட்டியாக உள்ளே அடுக்கி, கதவைச் சாத்தி, எத்திலீன் ஆக்சைடு என்ற விஷ வாயுவை விடுவார்கள். கிருமி செத்ததும் பெட்டிகளை வெளியே இழுக்கிற வேலை அண்ணனுக்கு. இரண்டு வருடமாக அவர் கையிலும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கொப்புளம். உடையும், காயும், மறுபடி வரும். மாட்டுக்குத் தண்ணீர்க் குடத்தைக்கூட இரண்டு முழங்கையாலும் அணைத்துத்தான் தூக்குகிறார்.

கேஸால் வருகிறது என்று அண்ணன். தோட்டத்தில் பார்த்தீனியச் செடி பிடுங்குவதால் வருகிறது என்று மேனேஜர். மனிதர் ரொம்ப மரியாதைக்காரர், ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. "பேக்கிங்ல ஒரு இடம் காலியா இருக்குதுங்க பழனிச்சாமி. கேஸ்னாலதான்னு டாக்டர் எழுதிக் குடுத்தா அன்னைக்கே மாத்திப்போடறேன். அடுத்த சனிக்கிழமைக்குள்ள கொண்டாங்க, திங்கக்கிழமை வேற ஆளப் போட்டாகணும்" என்று சொல்லிவிட்டார். ஒரு காகிதம் கிடைத்தால் கேஸ் படாத பேக்கிங், கிடைக்காவிட்டால் மறுபடியும் அந்த அறை. அந்தக் காகிதத்துக்காகத்தான் இந்தப் பயணம்.

முதல் பயணம் ஒரு புதன்கிழமை. அண்ணன் தானாக ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆள் இல்லை என்பதால் நானே போய்க் கூட்டி வந்தேன். காந்திபுரத்தில் காலை 6.20க்கு ஈரோடு பஸ். அவினாசி, செங்கப்பள்ளி, விஜயமங்கலம் வழியாகப் பெருந்துறைக்கு 8.25. ஒரு ஆளுக்கு அறுபத்தைந்து ரூபாய். ஏறுவதற்கு முன்னால் "ஊருக்குள்ள போகுதுங்களா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில வண்டிகள் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும், அப்புறம் வெயிலில் நடை.

திரும்பி வந்து ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கும்போது மணி பதினொன்றரை. டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். பொறுமையாகக் கேட்டார். சோதனை இப்படி: சந்தேகப்படுகிற பொருட்களைச் சின்னச் சின்ன வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், நான்காம் நாள் இன்னொரு தடவை பார்ப்பார்கள். அடுத்த திங்கள் ஒட்டலாம் என்றார். பணம் கட்டும் இடத்தில் வரிசை நீளமாக இருந்ததால் நான் எழுந்து போய்விட்டேன். அந்தப் பத்து நிமிடம் நான் அந்த அறையில் இருந்திருக்க வேண்டும்.

ஏனென்றால் அந்தப் பத்து நிமிடத்தில் டாக்டர் அண்ணனிடம் சொன்னது இது. வாயுவை முதுகில் ஒட்ட முடியாது. ஆனால் துணியும் ரப்பரும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதனால் ஷிப்ட் முடிந்த கையோடு உடுப்பையும் கையுறையையும் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிக் கொண்டு வரவேண்டும். காற்றுப் படக் கூடாது, துவைக்கவே கூடாது. அதில் நகத்தளவு வெட்டி ஒட்டிப் பார்க்கலாம். அண்ணன் இதை என்னிடம் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்லுவார்! நானும் கேட்கவில்லை. "என்னங்கண்ணா சொன்னாங்க?" என்றதற்கு "திங்கக்கெழம வரச் சொன்னாங்க கண்ணு" என்றார், அவ்வளவுதான்.

இரண்டாம் பயணம் ஞாயிற்றுக்கிழமை. காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிந்து, கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்றிருந்த என்னிடம் வந்தார். கையில் மஞ்சப்பை. 2.50க்கு பஸ். நல்ல கூட்டம், நல்ல வெயில்.

"ஏனுங்க, பைய மேல வைங்க, பக்கத்துல ஆளு உக்காரோணுமல்லங்க" என்றார் கண்டக்டர்.

"மடியிலயே இருக்கட்டும்ங்க" என்றார் அண்ணன். அவினாசி வரைக்கும் அந்தப் பையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தார்.

"அப்படி என்னங்கண்ணா இருக்குது உள்ள?"

"ஒண்ணுமில்ல அம்மணி. டூட்டித் துணி."

பீளமேட்டில் என் வீட்டுக்கு வரும்போது ஐந்தேகால். காலை நான்கு மணிக்கு எழுந்த மனிதர், காபியைக் குடித்துவிட்டு முன்னறையில் அப்படியே படுத்துத் தூங்கிவிட்டார். பை குளியலறை ஓரத்தில் இருந்தது.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. கட்டிக்கொடுத்த பெண்ணின் வீட்டுக்கு அண்ணன் வந்தால், அவன் துணி அழுக்காகத் திரும்பிப் போகக் கூடாது. யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை, கை தானாகச் செய்யும். அதோடு நாளைக்கு ஆஸ்பத்திரி. அழுக்குத் துணியோடு போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று வேறு எனக்குக் கவலை. பிளாஸ்டிக் முடிச்சு அத்தனை இறுக்கம், பல்லால் கடித்து அவிழ்த்தேன். லேசாக ஒரு இனிப்பு வாடை வந்தது. கையுறைகள் ஈரமாக ஒட்டிக்கிடந்தன. விரல் விரலாக உள்ளே கையை விட்டுத் திருப்பினேன். எல்லாவற்றையும் சோப்புத் தூளில் ஊறவைத்து, மூன்று தண்ணீர் அலசி, மொட்டைமாடியில் போட்டேன். மே மாதக் காற்றில் துணி காய எவ்வளவு நேரம் ஆகும்? காய்ந்ததும் உடுப்புக்கு இஸ்திரியும் போட்டேன். சனியன் பிடித்த சுறுசுறுப்பு!

அண்ணன் எழுந்து வந்தபோது உடுப்பை மடித்துக்கொண்டிருந்தேன். நிலைவாசலிலேயே நின்றுவிட்டார்.

"தொவெச்சுப்போட்டயா கண்ணு?"

"ஆமாங்கண்ணா. எவ்வளவு அழுக்குங்க!"

அந்த மடிப்பையே பார்த்தார். "செரி" என்றார். முகம் கழுவப் போய்விட்டார். சாப்பிடும்போது ரசம் நல்லா இருக்குது என்று இரண்டு தடவை சொன்னார்.

திங்கள் காலை ஆட்டோவில் போனோம், நூற்று இருபது ரூபாய். ஹோப்ஸ் சிக்னலில் வண்டி நின்றபோது பார்த்தால், அண்ணன் பையிலிருந்து உடுப்பை எடுத்து மடியில் வைத்துக் கசக்கிக்கொண்டிருக்கிறார். வெடித்த கையால், வலிக்க வலிக்க.

"ஏனுங்கண்ணா, இஸ்திரி போட்டதப் போயி இப்படிக் கசக்கறீங்க?" என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"சும்மாதாங்கண்ணு" என்றார். கசக்கி, கையுறையோடு சேர்த்து, அதே பிளாஸ்டிக் பையில் மறுபடி முடிச்சுப் போட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆட்டோக்காரர்கூடக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

சட்டையைக் கழற்றச் சொன்னதால் என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். நாற்பது நிமிடத்தில் முதுகு முழுக்கக் கட்டம் கட்டமாக ஒட்டிக்கொண்டு வந்தார். வெள்ளி வரைக்கும் குளிக்கக் கூடாது, முதுகு வியர்க்கக் கூடாது. கோயமுத்தூர் குளுகுளு ஊர் என்று நினைத்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதெல்லாம் பழைய கதை. மே மாதத்தில் இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளாதீர்கள். மின்விசிறிக்கு நேர் கீழே பாய் போட்டு, நான்கு நாள் குப்புறப் படுத்திருந்தார் அண்ணன். கரண்ட் போனால் நான் விசிறுவேன்.

விசிறும்போதுதான் கவனித்தேன். என் வலது கை விரலிடுக்கெல்லாம் சிவந்து, எரிந்தது. திங்கள் சாயங்காலம் பொடிப்பொடியாகக் கொப்புளம். சோப்புத் தூள் மாற்றியதால் இருக்கும் என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். அண்ணன் அதைப் பார்த்தார். என் கையை எடுத்துத் தன் கையில் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. தங்கச்சி மேல் இவ்வளவு பாசமா என்று நான் நினைத்துக்கொண்டேன். எத்தனை மக்கு நான்!

புதன்கிழமை வில்லைகளை எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை முடிவு. அன்றைக்கு என்னையும் உள்ளே விட்டார்கள். முதுகில் ஒரே ஒரு கட்டம் மட்டும் தடித்துச் சிவந்திருந்தது. பார்த்தீனியம். உடுப்புத் துண்டு, கையுறைத் துண்டு வைத்த இடங்கள் எல்லாம் வெறும் தோல்.

"கேஸ் இருந்த துணி எதுக்குமே ரியாக்‌ஷன் இல்லையே" என்று டாக்டர் குழப்பத்தோடு சொன்னார். "நான் சொன்ன மாதிரி துவைக்காம, கட்டித்தானே கொண்டு வந்தீங்க?"

அண்ணன் தரையைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் எல்லாம் சேர்த்து உறைத்தது. அந்த முடிச்சு, பஸ்ஸில் கட்டிப்பிடித்த பை, நிலைவாசலில் சொன்ன செரி, துவைத்தது தெரியக் கூடாதென்று ஆட்டோவில் கசக்கியது.

"நாந்தானுங்க தொவெச்சுப்போட்டேன்" என்றேன்.

"அவளுக்குத் தெரியாதுங்க டாக்டர்" என்று அண்ணன் அவசரமாகக் குறுக்கே வந்தார். "நாஞ்சொல்லல. எம்மேலதான் தப்புங்க. ஆசையாத் தொவெச்ச புள்ளகிட்ட என்னன்னுங்க சொல்றது?"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். நான் என் விரல்களை நீட்டினேன். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார், எத்தனை மணிக்குத் தொட்டேன், எப்போது எரிந்தது என்று கேட்டார். "எனக்கு நம்பிக்கை வருதும்மா. அந்தத் துணி உங்க கைலதான் தன் வேலையைக் காட்டியிருக்கு. ஆனா உங்க கையை வெச்சு இவர் பேப்பர்ல நான் எழுத முடியாது. சோப்புன்னு கம்பெனில ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது." முதுகு ஆற வேண்டும், ஆறு வாரம் கழித்து மறுபடி செய்யலாம் என்றார். எங்களுக்கு இருந்தது ஒரு நாள்.

நியாயமாகத்தான் எழுதிக் கொடுத்தார். பார்த்தீனியத்துக்கு ஒவ்வாமை உண்டு. உடுப்பு துவைக்கப்பட்டிருந்ததால் வாயு பற்றி முடிவு சொல்ல இயலாது. இரண்டு வரி.

மூன்றாம் பயணம் சனிக்கிழமை காலை. வழி நெடுக நான் அழுதுகொண்டு வந்தேன். அண்ணன் கருமத்தம்பட்டியில் வாங்கிய இளநீரை என் கையில் திணித்து, "குடி கண்ணு, வெயிலு" என்றார். 10.40க்குக் கம்பெனி.

"வாங்க அம்மணி, உக்காருங்க, காப்பி சாப்பிடுங்க" என்றார் மேனேஜர். முதல் வரியைப் படித்தார். இரண்டாவதையும் படித்தார் என்றுதான் நினைக்கிறேன். "டாக்டரே பார்த்தீனியம்னு எழுதிப்போட்டாருங்களே. கொஞ்ச நாளைக்குத் தோட்டத்துப் பக்கம் போகாதீங்க பழனிச்சாமி. ஒடம்பப் பாத்துக்குங்க."

"ரெண்டாவது வரிய..." என்று நான் ஆரம்பித்தேன்.

"செரிங்க" என்றார் அண்ணன், என்னைப் பேசவிடாமல்.

அன்றைக்கே இரண்டு மணி ஷிப்ட். உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தார். நான் துவைத்த அதே உடுப்பு. வெட்டியெடுத்த இடங்களில் சதுரம் சதுரமாக ஓட்டை, அதன் வழியாக உள் பனியன் தெரிந்தது. அப்படியே அந்தக் கதவுக்குள் போனார்.

போகிறவர்களுக்கு: பெருந்துறையிலிருந்து கோயமுத்தூருக்கு 75 கிலோமீட்டர் சொச்சம், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். மேம்பாலத்தில் போகிற வண்டியில் ஏறினால் பீளமேட்டில் இறங்க முடியாது. சோதனைக்கு மட்டும் ஆயிரத்து எண்ணூறு ஆனது, திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் வந்தாக வேண்டும், அதனால் ஊரில் தங்க இடம் பார்த்துக்கொள்ளுங்கள். மாசி மாதத்துக்குள் முடிப்பது நல்லது. டாக்டர் பேசும்போது கூட வந்தவர் எழுந்து போகக் கூடாது. டூட்டித் துணி இரண்டு செட் தனித்தனியாகக் கட்டிக் கொண்டு வாருங்கள். பையின் மேல் "துவைக்காதே" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். தங்குகிற வீட்டில் எத்தனை பாசமானவர்கள் இருந்தாலும் வாயைத் திறந்து சொல்லுங்கள். மரியாதைக்குச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

பேக்கிங்கில் வேறு ஆள் போட்டாகிவிட்டது. மறுபடி சோதனைக்குப் போகலாம் என்று நான் மாதா மாதம் கேட்கிறேன், "பாக்கலாம் கண்ணு" என்கிறார். எனக்குப் பன்னிரண்டு நாளில் ஆறிவிட்டது. இப்போது தழும்புகூட இல்லை.

ஆனால் ஞாயிறு தவறாமல் அண்ணனிடமிருந்து போன் வருகிறது. எடுத்ததும் முதல் கேள்வி ஒன்றுதான்: "உங்கை எப்படி இருக்குது கண்ணு?"

"ஆறிருச்சுங்கண்ணா" என்பேன்.

"அதாங்கண்ணு வேணும்" என்பார். உங்க கை எப்படிங்கண்ணா என்று திருப்பிக் கேட்க இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.