வெள்ளிக்கிழமை எலுமிச்சையும் எங்கள் ஜெலியும்

ஊரில் எல்லோருக்கும் குப்பையைக் கொட்ட இடமில்லாத கவலை. எங்கள் தொழிலில் குப்பையே கிடைக்காத கவலை. பழத்தோலோடு மல்லுக்கட்டிய அன்பர்கள் யாராவது இருந்தால் என் வயிற்றெரிச்சல் புரியும். தொண்ணூறுகளின் கடைசியில் பதுளையில் ஒரு தகரக் கொட்டகையில் எனக்கு வேலை. ஜாமையும் ஜெலியையும் உறைய வைக்கும் பெக்டினைப் பழத்தோலிலிருந்து எடுப்போம். கடும் அமிலம் எதுவும் கிடையாது. வெந்நீர், எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் மதுசாரம் என்கிற ஆல்கஹால், அவ்வளவுதான். பொறுப்பாளர் பரமநாதன் ஐயா யாழ்ப்பாணத்தவர். தோலைக் கழுவிக் காய்ச்சுவது பசறைத் தோட்டத்திலிருந்து வரும் செல்லம்மாக்கா. கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வருகிற சனிக்கிழமை வந்து பார்ப்பார், ஜெலி உறையாவிட்டால் கொட்டகைக்குப் பூட்டு என்று சொல்லிவிட்டார்கள்.

கேட்டதும் ஏறிய கிராக்கி

கடைவீதியில் ஜூஸ் கடை முதலாளி ஒருவர், தோடம்பழத் தோலைத் தினமும் சாக்கடையில் கொட்டுவார். "எங்களுக்குத் தாங்களேன்" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன். மறுநாள் தோலெல்லாம் உள்ளறையில் பத்திரமாக இருந்தது. என்னை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தவர், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இவ்வளவு நாளா நான் என்னத்தத் தூக்கி எறிஞ்சேன்னு மொதல்ல சொல்லுங்க தம்பி. அப்புறமா தாறேன்."

பொலிஸ் பார்த்த ருசி

மதுசாரத்தை வீணாக்காமல் காய்ச்சி வடித்துத் திரும்பவும் பயன்படுத்துவோம். அந்தக் குழாயையும் வாசனையையும் கண்டு யாரோ கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம், காய்ச்சுகிறார்கள் என்று சொல்லிவிட, பொலிஸ் வந்தது. ஐயா அவர்களை உட்காரவைத்து பெக்டின் பற்றி ஒரு பிரசங்கமே செய்து, ஆளுக்கு ஒரு கரண்டி ஜெலியும் கொடுத்தார். பாவம், தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடினார்கள். மறுநாள் காலையில் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பெரியவர் வெறும் போத்தலோடு வாசலில் நின்றார். "பொலிசே வந்து ருசி பாத்துட்டுப் போச்சாமே! அப்ப நல்ல சரக்காத்தான் இருக்கும், ஒரு போத்தல் தாங்க."

இயற்கை நிறம்

கடைவீதி முழுக்கக் கெஞ்சியும் வெள்ளிக்கிழமை மாலை வரை கொட்டகையில் ஒரு தோல்கூட இல்லை. வேறு வேலை தேட வேண்டியதுதான் என்று அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் செல்லம்மாக்கா ஒரு சாக்கு நிறைய எலுமிச்சை மூடிகளோடு வந்து இறங்கினார். "ஏதுக்கா?" என்றேன். "கேக்காதீங்க, அடுப்பப் பத்த வைங்க" என்றார். தேய்த்துத் தேய்த்துக் கழுவிக் காய்ச்சினோம். மாலைக்குள் ஜெலி கல்லாட்டம் உறைந்துவிட்டது. அதிலே இளஞ்சிவப்பாக ஒரு நிறம்.

அதிகாரி ஒரு கிண்ணம் சாப்பிட்டு இன்னொன்றும் கேட்டார். நிறத்தைப் பற்றி விசாரித்தார். "இது முழுக்கத் தோலின்ரை இயற்கை நிறம்தான், சேர்" என்றார் ஐயா, அடித்துச் சொல்வதுபோல். கொட்டகை தொடர்ந்து நடக்கட்டும் என்று சொல்லிவிட்டு அதிகாரி காரில் ஏறினார்.

கார் திரும்பிய பிறகுதான் அக்கா வாயைத் திறந்தார். வெள்ளிக்கிழமை கடை சாத்தும்போது எலுமிச்சையை வெட்டிக் குங்குமம் தடவி, திருஷ்டி சுற்றித் தெருவில் எறிவார்களே, அது அத்தனையையும் விடியுமுன் பொறுக்கியிருக்கிறார். ஜூஸ் கடை முதலாளி எறிந்ததும் அதில் உண்டு. ஐயா கையிலிருந்த கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மிதிக்கவே பயப்படுவாங்களே, உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, அவர் பதிலில் என் சிரிப்பு நின்றுவிட்டது. "வேலை போயிருமோன்னு பயந்துகிட்டு இருந்ததுல, இதுக்குப் பயப்பட மறந்து போச்சுங்க" என்றார் அக்கா.

கெஞ்சிக் கேட்டபோது தராத கடைவீதி, கண்பட்டுவிடும் என்று பயந்து வீசியதில்தான் எங்கள் கொட்டகை பிழைத்தது.