டில்லிபாபுவுக்குத் தெரிந்த மெட்ராஸ்

டில்லிபாபு இறந்த செய்தி எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. தண்ணீர் லாரி வந்துவிட்டது, மோட்டார் போடவும் என்ற தகவலுக்கும், யாருடைய காரோ வழியை மறித்து நிற்கிறது என்ற புகாருக்கும் நடுவில் அது இருந்தது. நான் அம்பத்தூரில் அலுவலகத்தில் இருந்தேன். இரண்டு முறை படித்துவிட்டு, எதிரில் இருந்தவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி முடித்தேன். டில்லிபாபு நோயில் கிடந்ததால் யாரும் திடுக்கிடவில்லை. ஆனாலும் அன்று மாலை வரை என் வேலையில் ஒன்றும் ஒழுங்காக நடக்கவில்லை.

பருத்திப்பட்டில் எங்கள் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அம்பத்தூரில் பிறந்தவர். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். சங்கரன்கோவில், போடி, தஞ்சாவூர் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து கடன் வாங்கி வீடு வாங்கியவர்கள் நிறைந்த எங்கள் கட்டடத்தில், மெட்ராஸ் பாஷை பேசும் ஒரே மனிதர் அவர்தான். அதனால் மெட்ராஸைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அவரிடம் போவோம். அவரும் சளைக்காமல் பதில் சொல்வார். "மெட்ராஸ்ல நம்மளுக்குத் தெரியாத எடமா? கேளு மாமே" என்பார்.

மே மாதம் பிறந்தால் எங்கள் கட்டடத்தில் பெண்களும் பிள்ளைகளும் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆண்கள் மட்டும் தயிர்ப் பாக்கெட்டும் ஊறுகாயுமாகக் கிடப்போம். அவர் மனைவி சாந்தியும் பாரிவாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவார். அப்படி ஒரு மே மாதத்தில் நானும் முருகேசனும் டில்லிபாபுவைப் பிடித்துக்கொண்டோம். முருகேசன் போடிக்காரர், ஐ.டி.யில் இருக்கிறார், எதையும் சரிபார்க்காமல் நம்ப மாட்டார். சென்னையில் இருக்கிறோம் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறோமே தவிர, ஆவடியைத் தாண்டி ஒன்றும் பார்த்ததில்லை, எங்களைச் சுற்றிக் காட்டுங்கள் என்று கேட்டோம். ஓவர்டைம் இருக்கிறது என்றார். அடுத்த வருடம் கேட்டபோது வெயில் அதிகம் என்றார். அதற்கடுத்த மே மாதம் அவருக்குச் சாக்கு கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் ஆவடியில் ரயில் ஏறினோம்.

ரயிலில் அவர் வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் வந்தார். சென்ட்ரலில் இறங்கியதும் விறுவிறுவென்று நடந்தார். எங்களைச் சுரங்கப்பாதையில் இறக்கி, மறுபக்கம் ஏற்றி, எதிரே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். நிறுத்தியபின்தான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கே தெரிந்தது போலிருந்தது. முருகேசன் பின்னால் போனைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தார். வாசலோரம் நோயாளிகளுக்கு வெந்நீரும் பாலும் விற்கிற அம்மா ஒருவர் டில்லிபாபுவைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"இன்னா நைனா, ரொம்ப நாளா காணோம். அம்மா எப்டி கீறாங்க?"

"போய்ட்டாங்கம்மா" என்றார் இவர்.

அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு ஒரு டம்ளரில் பால் ஊற்றி நீட்டினார். டில்லிபாபு அதைக் குடித்தபடி, குரலைத் தாழ்த்தி, பீச்சுக்கு எங்கே நின்றால் பஸ் வரும் என்று கேட்டார். பக்கத்தில் நின்ற எனக்கு அது காதில் விழுந்தது. அவருக்கு இந்த ஊர் தெரியாது என்பது எனக்கு அப்போது புரிந்துவிட்டது. நான் வெளிக்காட்டவில்லை. பல வருடங்களாக அவர் எங்களிடையே வைத்திருந்த பெயர் அன்று சாயங்காலம் வரை தாக்குப்பிடிக்குமா என்பதுதான் அதன் பிறகு என் கவலையாக இருந்தது.

அன்று முழுக்க அவர் வழி கேட்ட விதத்தை நான் கவனித்துக்கொண்டே வந்தேன். நேராக யாரிடமும் கேட்க மாட்டார். ஏதாவது ஒரு கடையைப் பார்த்து, இருங்க இதோ வந்துட்டேன் என்று போவார். எதையாவது வாங்குவார், கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசுவார், திரும்பி வந்து கையை நீட்டி வழி காட்டுவார். மதியத்துக்குள் அவருடைய மஞ்சள் பையில் ஊசிப் பாக்கெட்டு, கைக்குட்டை, கொய்யாப்பழம், எலுமிச்சை பிழியும் கட்டை எல்லாம் சேர்ந்துவிட்டன. எதற்கண்ணே இதெல்லாம் என்று முருகேசன் கேட்டதற்கு, "ஊட்டுக்கு" என்றார்.

கடற்கரையில் நன்றாகத்தான் இருந்தது. சின்ன வயதில் காணும் பொங்கலுக்கு லாரியில் ஏறி அங்கே வந்ததாகவும், கூட்டத்தில் ஜனங்களின் முதுகைத் தவிர எதையும் பார்க்கவில்லை என்றும் சொன்னார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு மயிலாப்பூர் குளத்தைப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். சுண்டல் விற்றவரிடம் ஒரு பொட்டலம் வாங்கி, அவர் காட்டிய பஸ்ஸில் எங்களை ஏற்றினார். ஏறும்போதே முருகேசன் பலகையைப் படித்துவிட்டார். தங்கசாலை என்று போட்டிருக்கிறதே என்றார். "தங்கசாலை வயியாத்தான் மயிலாப்பூர் போவும், குந்து" என்றார் டில்லிபாபு. மயிலாப்பூர் தெற்கே, தங்கசாலை வடக்கே. இந்த ஊரைத் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

தங்கசாலையில் பஸ் காலியானது. கண்டக்டர் இறங்கச் சொன்னார். கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது, மூவருக்கும் பசி. முருகேசன் போனை எங்கள் முகத்துக்கு நேராகக் காட்டினார். அதில் நாங்கள் ஒரு மூலையில் இருந்தோம், மயிலாப்பூர் இன்னொரு மூலையில் இருந்தது. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு இந்த ஊரு தெரியுமா, தெரியாதா?"

டில்லிபாபு பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். பஸ் நிறுத்தத்தின் நிழலில் போய் உட்கார்ந்தார். நாங்களும் போய் நின்றோம்.

"தெரியாது மாமே" என்றார். "சென்ட்ரல்ல எறங்குனா ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிய உட்டா சென்ட்ரல். அம்மாவ இட்டுகினு வர்றது, போறது. அவ்ளோதான் எனுக்கு மெட்ராஸ். மத்தபடி அம்பத்தூரு, ஆவடி, ஊடு. நான் பேசற பேச்ச பாத்து நீங்களா நெனச்சிகினீங்க. நானும் உட்டுட்டேன். யாருனா நம்மள பெரிய ஆளா நெனச்சா நல்லாத்தான கீது."

முருகேசன் போனைச் சட்டைப்பையில் போட்டார். ஒரு கேள்வியும் கேட்காமல் எதிர்ச்சாரியில் இருந்த பெட்டிக்கடைக்குப் போனார். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, சாப்பாட்டுக்கு எந்தச் சந்தில் போக வேண்டும், மயிலாப்பூர் பஸ் எங்கே வரும் என்ற விவரங்களோடு திரும்பினார். கையில் ஒரு சீப்பு இருந்தது. முருகேசனுக்குத் தலையில் முடி கிடையாது. டில்லிபாபு அந்தச் சீப்பையும் அந்தத் தலையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். எங்களுக்கும் அடக்க முடியவில்லை.

மறுநாள் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் பயணம் எப்படி என்று விசாரித்தார்கள். டில்லிபாபு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இல்லையென்றால் நாங்கள் தொலைந்துபோயிருப்போம் என்றார் முருகேசன். எதையும் சரிபார்க்காமல் நம்பாத ஒருவர் அப்படிச் சொன்னதால் அதை எல்லோரும் நம்பினார்கள்.

அதன்பின் வந்த ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் சுற்றினோம். திருவல்லிக்கேணி, சாந்தோம், பாரிமுனை, ராயபுரம். போன் பையிலேயே கிடக்கும். முறைவைத்து ஒருவர் கடைக்குப் போய் எதையாவது வாங்கி வழி கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. "சும்மா கேட்டா கைய மட்டும் காட்டுவான். எதுனா வாங்கிகினு கேளு, நின்னு சொல்லுவான்" என்பது டில்லிபாபுவின் கட்சி. தவறான பஸ்ஸில் ஏறிவிட்டால் அவர் முன்போல் பதறுவதில்லை. "தப்பு பஸ்னா இன்னா, ஜன்னலோரம் குந்து" என்பார். நாளடைவில் அவருக்கு நிஜமாகவே வழிகள் பிடிபட்டன. கடைசியாகப் போனபோது பாரிமுனையில் ஒரு வெளியூர்க் குடும்பத்துக்கு அவர் பஸ் நம்பரோடு வழி சொன்னார். சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தியது நினைவிருக்கிறது.

ஒருமுறை ராயபுரத்திலிருந்து திரும்பும்போது, சாந்தியை எப்போது கூட்டி வரப்போகிறீர்கள் என்று கேட்டேன். பாரிவாக்கத்தில் பிறந்து, அம்பத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு, பருத்திப்பட்டுக்குக் குடிவந்தவர் அவர். இன்னும் கடலைப் பார்த்ததில்லை. டில்லிபாபு யோசிக்காமல் பதில் சொன்னார்.

"அவகிட்ட வயி தெரியாம நிக்கக்கூடாதுபா. முழுசா கத்துகினு அப்பறம் இட்டுகினு வரணும்."

அடுத்த வருசம், அடுத்த வருசம் என்று தள்ளிப்போனது. அதற்குள் அவருக்கு மஞ்சள் காமாலை வந்து, அது ஈரல் வரைக்கும் போய்விட்டது. அம்மாவை அவர் அழைத்துப்போன அதே ஆஸ்பத்திரிக்கு சாந்தி அவரை அழைத்துப்போனார். அதே ரயில், அதே சுரங்கப்பாதை.

காரியம் முடிந்த அன்று உறவுக்காரர் ஒருவர் எங்களிடம், மெட்ராஸ் முழுக்கத் தெரிந்த மனிதர் போய்விட்டார் என்று வருத்தப்பட்டார். எங்களுக்கு எல்லாம் காட்டியது அவர்தான் என்றார் முருகேசன். அதில் பொய் எதுவும் இல்லை. பந்தி முடிந்து கூட்டம் கலைந்தபின் சாந்தி எங்களிடம் வந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு எத்தினியோ வாட்டி போய்கீறேன். அங்கருந்து பீச்சு கிட்டதான்னு அவரு சொல்லிகினே இருந்தாரு. எந்தப் பக்கம்னு கூட எனுக்குத் தெரியாதுண்ணா."

கோபத்தோடு சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் எங்களைக் கூட்டிப்போனவர் ஏன் தன்னைக் கூட்டிப்போகவில்லை என்ற கேள்வி அதில் இருந்தது. மறைத்துப் பயனில்லை என்று தோன்றியதால் தங்கசாலையிலிருந்து ராயபுரம் வரை நடந்ததையெல்லாம் சொன்னேன். வழி தெரியாமல் உங்கள் முன்னால் நிற்க அவர் கூச்சப்பட்டார் என்றும் சொன்னேன். சாந்தி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"தெரியலன்னா இன்னாண்ணா?" என்றார். "நானும் கூட நின்னு கேட்டிருப்பேன்."

அதற்குமேல் அங்கே நிற்க எங்களால் முடியவில்லை.

இதை எழுதலாமா என்று சாந்தியிடம் கேட்டுக்கொண்டேன். எழுதச் சொன்னார். வருகிற மே மாதம் அவரும் எங்களோடு வருகிறார். என் மனைவியும் ஊருக்குப் போவதை ஒரு வாரம் தள்ளிவைத்திருக்கிறாள். டில்லிபாபுவால் எனக்கு இந்த ஊர் கிடைத்தது, அது பெரிய விஷயம்தான். ஆனால் நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்வது வேறு. கொளுத்தும் வெயிலில், தன் பெயர் போனாலும் போகட்டும் என்று, தெரியாது மாமே என்று சொன்னாரே, அந்தச் சொல்லைத்தான். எங்களிடம் ஒருமுறை சொல்ல முடிந்ததை அவர் வீட்டிலும் ஒருமுறை சொல்லியிருந்தால் சாந்தி கடலைப் பார்த்திருப்பார்.