எக்ஸ்ரேயில் தெரியாத வடம்

கழுத்தில் ஏழு எலும்புகள். ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழு, எலிக்கும் ஏழு, நமக்கும் ஏழு. இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு முதலாண்டு வகுப்பையும் இந்த வரியில்தான் ஆரம்பிக்கிறேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்த பிறகு எழுதிக்கொள்வார்கள்.

நான் பிசியோதெரபி கல்லூரியில் உடற்கூறியல் நடத்துகிறவள். டாக்டர் இல்லை, எம்.எஸ்சி. படித்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செகந்திராபாத் அல்வாலில் எங்கள் அபார்ட்மெண்டில் ஒருவரிடமும் நான் இதைச் சொன்னதில்லை. குடிவந்த புதிதில் யாரோ "டாக்டர் ஆன்ட்டி" என்று கூப்பிட்டார்கள், நான் திருத்தவில்லை. அப்புறம் மூன்றாம் மாடியிலிருந்து முழங்கால் எக்ஸ்ரே வந்தது. கீழ்வீட்டிலிருந்து இடுப்பு எக்ஸ்ரே வந்தது. பால்கனி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தலையை ஆட்டி, நான் பாட்டுக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

கல்லூரியில் கழுத்தெலும்புகளை ஒரு கம்பியில் கோத்துப் பெட்டியில் வைத்திருக்கிறோம். முதல் எலும்பு வெறும் வளையம், மண்டையோடு அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவதில் பல் மாதிரி ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். தலையை இல்லை இல்லை என்று ஆட்டும்போது முதல் எலும்பு அந்த முளையைச் சுற்றித்தான் திரும்புகிறது. ஒவ்வொரு எலும்புக்கும் பின்பக்கம் ஒரு துவாரம். ஏழு துவாரங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்து ஒரு குழாயாகின்றன. உயிரோடு இருக்கிறவர்களுக்கு அதற்குள் தண்டுவடம் ஓடும், சுண்டுவிரல் பருமன்தான். எங்கள் பெட்டியில் அந்த இடத்தில் கம்பிதான் ஓடுகிறது. வடம் அழுகிப் போய்விடும், எலும்பு இருக்கும். அதனால் நாங்கள் எலும்பையே புரட்டிப் புரட்டிக் காட்டுவோம், பரீட்சையிலும் அதையே மேஜைமேல் வைத்துப் பெயர் கேட்போம்.

என் கணவர் பக்கத்துப் போலாரத்தில் பிறந்து வளர்ந்தவர். அங்கேயே ராணுவ அலுவலகம் ஒன்றில் ஸ்டோர்ஸ் கிளார்க். மூன்று தலைமுறை செகந்திராபாத் தமிழ் கிறிஸ்தவக் குடும்பம். நான் வேலூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். எதற்கும் "நக்கோ, வேணாம் விடு" என்று சொல்லிவிட்டுப் போகிற மனிதர், சண்டைக்கே லாயக்கில்லை. ஐம்பத்தொரு வயதில் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட வராமல் போனது. அதை அவர் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு டி-ஷர்ட்டில் வர ஆரம்பித்தார். கல்யாண வீட்டுக்கும் டி-ஷர்ட். "வயசாக ஆக உங்களுக்கு மைனர் வேஷம் கேக்குதா?" என்று நான் திட்டினேன். சிரித்தார்.

ஒரு ஞாயிறு, சர்ச்சிலிருந்து திரும்பும்போது சொன்னார். "ஜெபத்துக்குத் தலை குனிஞ்சா முதுகுல கரண்ட் அடிச்ச மாதிரி ஒண்ணு ஓடுது. கால் வரைக்கும் போவுது."

"இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் பரிசுத்த ஆவி உங்கமேல எறங்கிருக்கு, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்றேன். அந்த நகைச்சுவையை அன்று மாலையே சர்ச் பெண்கள் கூட்டத்திலும் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். வெட்கங்கெட்டவள்.

மறு மாதம் அவர் ஒரு காலில் மட்டும் செருப்போடு மாடியேறி வந்தார். இன்னொரு கால் செருப்பு இரண்டாம் மாடிப் படியில் கிடந்தது. கழன்றது அவருக்குத் தெரியவில்லை. அதை எடுத்துக்கொண்டு பின்னால் வந்த மகள், அப்போது இன்ஜினியரிங் கடைசி வருடம், வாசலிலேயே நின்று, "மம்மி, இதி நார்மல் காது" என்றாள். அவளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோதான் வரும். இது நார்மல் இல்லை, எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாம் என்று அன்றே சொன்னாள்.

நான் கேட்டேனா? கழுத்துக்கு ஒரு எக்ஸ்ரே மட்டும் எடுக்கவைத்தேன். எந்த டாக்டரிடமும் காட்டவில்லை, நான்தான் இருக்கிறேனே. பால்கனியில் தூக்கிப் பிடித்தேன். ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவதுக்கும் நடுவே இடைவெளி குறைந்து, ஓரத்தில் கொக்கி மாதிரி எலும்பு வளர்ந்திருந்தது. "தேய்மானம். ஐம்பது தாண்டின எல்லாருக்கும் இருக்கும்" என்றேன். கழுத்துப் பட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மகள் மறுபடியும் ஆரம்பித்தபோது, "அனாட்டமி நான் படிச்சேனா, நீ படிச்சியா?" என்று வாயை அடைத்தேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மம்மி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். வடம் தெரியாது. இது என் மாணவர்களுக்குக்கூடத் தெரியும்.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. காலிலிருந்து மூளைக்குப் போகிற ஒவ்வொரு செய்தியும் கழுத்து வழியாகத்தான் போயாக வேண்டும். தரை எங்கே இருக்கிறது, பாதம் எப்படித் திரும்பியிருக்கிறது, எல்லாம் வடத்தின் பின்பகுதி நரம்புகளில் ஏறிப் போகிற செய்திகள். அங்கே நசுங்கினால் கழுத்து வலிக்கவே வலிக்காமல்கூடக் கால் தடுமாறும், விரல் மக்கர் பண்ணும். இதை நான் வருடா வருடம் பரீட்சையில் கேட்கிறேன். "கழுத்து வலிக்கும்" என்று மட்டும் எழுதுகிற பிள்ளைகளுக்கு மார்க்கைக் குறைக்கிறேன். அந்த வருடமும் விடைத்தாள்களைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத்தான் திருத்தினேன். எதிரில் அவர் சாதத்தைக் கையால் பிசைய முடியாமல் ஸ்பூனில் அள்ளிக்கொண்டிருந்தார். செத்தவர்களின் எலும்பில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவள் உயிரோடு இருக்கிற ஒரு கழுத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

எட்டு மாதம் அப்படியே ஓடியது. அப்புறம் அலுவலகப் படிக்கட்டில் விழுந்தார். கூட வேலை செய்கிறவர்கள் நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு எனக்கு போன் செய்தார்கள். நானும் மகளும் போய்ச் சேர்வதற்குள் எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று.

சர்ஜன் படத்தைத் திரையில் போட்டார். வடத்தைச் சுற்றி நீர் வெள்ளையாகத் தெரியவேண்டும். ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் அந்த வெள்ளையே இல்லை. வடம் இஸ்திரி போட்ட ரிப்பனாகத் தட்டையாகியிருந்தது. "ஆபரேஷன் செய்தால் இதற்குமேல் மோசமாகாமல் நிறுத்தப் பார்க்கலாம். போனது எவ்வளவு திரும்பும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்" என்றார் இந்தியில். பிறகு குரலை உயர்த்தி, "இத்தனை மாதம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? வீட்டில் ஒருவருமா ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கப் போனேன். சத்தியமாகப் போனேன். அதற்குள் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவர் பதில் சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோரும் தலைபாடாக அடித்துக்கொண்டார்கள், பயத்தில் நான்தான் வேண்டாம் என்று தள்ளிப்போட்டேன் என்றார். என் பெண்டாட்டி அனாட்டமி டீச்சர், அவள் சொல்லியும் கேட்கவில்லை என்று கூடுதலாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். சர்ஜன் என் பக்கம் திரும்பிப் பரிதாபமாகப் பார்த்தார். மகளும் என்னைப் பார்த்தாள். நான் பேசுவேன் என்று காத்திருந்தாள். நான் திரையில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சர்ஜன் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். தகடு வைத்துத் திருகாணி போட்டு முடுக்கியிருக்கிறார்கள். வாக்கர் பிடித்துக் கழிவறை வரை போவார். வேலை போயிற்று. சர்ச்சிலிருந்து ஜெபம் செய்ய வருகிறவர்கள், "இவ்வளவு படிச்ச மனைவி வீட்டிலேயே இருந்தும் கேக்கலையே பிரதர், பிடிவாதம்" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். "ஹவ், ஆமா, என் தப்புதான்" என்கிறார். நான் டீ போட உள்ளே போய்விடுகிறேன். மகள் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டாள். தினமும் அப்பாவின் போனுக்குத்தான் கூப்பிடுகிறாள்.

போன வாரம் ஒரு மத்தியானம் அவர் மல்லாந்து படுத்திருந்தார். தலை குனிந்து தன் காலைப் பார்க்க அவரால் முடியாது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலுக்கு சாக்ஸ் மாட்டிக்கொண்டே, ஒரு வருடமாகக் கேட்க முடியாததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு டாக்டர்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"உனக்கு நாளைக்கும் காலேஜ் போவணும். பசங்க முன்னாடி நிக்கணும். எனக்கு இனிமே எங்க போவணும், சொல்லு" என்றார். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

சாக்ஸ் மாட்டி முடித்த அவருடைய இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுத்தித்தான் பிடித்திருந்தேன்.

"என்ன, இன்னும் சாக்ஸ் மாட்டலையா?" என்று கேட்டார்.